அழகுக்கு வைத்த ஒரு விதி

போன ஞாயிற்றுக்கிழமை என் பதவி போய்விட்டது. பகல் ஒரு மணிக்கு நான் சிட்னி - மெல்பர்ன் தமிழர் மன்றத்தின் தலைவர். ஒன்றேகாலுக்கு வடைத் தட்டோடு நிற்கும் ஒரு சாதாரண ஆசாமி.

நீக்கியது யார்? எங்கள் காப்பாளர், யாழ்ப்பாணத்து டாக்டர் அங்கிள். குத்துவிளக்கு ஏற்றுவதைத் தவிர அவருக்கு வேறு வேலையே இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இது புரிய வேண்டுமென்றால் முதலில் இந்த நாடு புரிய வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ராணி உண்டு, இருப்பது லண்டனில். அவர் சார்பில் கான்பராவில் ஒரு கவர்னர் ஜெனரல். அது போதாதென்று ஆறு மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல்வர், ஒரு கவர்னர். கீழ்ச்சபையில் பெரும்பான்மை உள்ளவர் பிரதமர். மேல்சபையில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாவற்றுக்கும் சம இடம். ராணியின் ஆளுக்கு என்ன வேலை? பிரதமர் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது... அவ்வளவுதான் என்று நாடே நம்பியது.

மன்றத்துக்குச் சட்டம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, லைப்ரரியிலிருந்து இந்த நாட்டுச் சட்டத்தை எடுத்து வந்து அப்படியே காப்பி அடித்தேன். ஊருக்கு ஒரு கிளை. மேலே ஒரு செயற்குழு. அதற்கும் மேலே, ஊருக்கு மூன்று பேராக ஒரு மேல்குழு. உச்சியில் காப்பாளர். இத்தனையும் முப்பது குடும்பங்களுக்கு!

டைப் அடித்ததைப் படித்த என் மனைவி ஒரு வரியில் நின்றாள்.

"தலைவரை நியமிக்கிறதும் நீக்குறதும் காப்பாளர்னு போட்டிருக்கீங்களே, இது எதுக்கு?"

"சும்மா, ஒரு அழகுக்கு" என்றேன்.

காப்பாளராக டாக்டர் அங்கிளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். சாது, நல்ல கோட்டு வைத்திருப்பவர்.

இந்த 1975 நவம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேல்சபை பட்ஜெட்டை நிறுத்தி வைத்தது, பிரதமர் விட்டுக்கொடுக்கவில்லை, கவர்னர் ஜெனரல் பிரதமரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரை அந்தப் பதவிக்குச் சிபாரிசு செய்ததே அந்தப் பிரதமர்தான்! ஆபீஸ் கேண்டீனில் நான் மேசையைத் தட்டினேன். "எங்க நாட்டில் இப்படி நடக்குமா?" என்று முழங்கினேன். என் மன்றத்தில் நடக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

எங்கள் சண்டை பட்ஜெட் அல்ல, பொங்கல் விழா. நான் சிட்னியில் ஒரு சர்ச் ஹால் பார்த்திருந்தேன். குழந்தைகளின் நாடகம் மூன்று மாத ஒத்திகை முடிந்து தயார். என் ஆறு வயது மீனாதான் அதில் காளை. அட்டைக் கொம்போடு தூங்குகிறாள் என்றால் பாருங்கள். ஆனால் மேல்குழுவில் எங்கள் மூவரில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய்விட்டார். ஹாலைப் பதிவு செய்யும் கடிதத்துக்கு மேல்குழு ஒப்புதல் வேண்டும்; மூன்றுக்கு இரண்டு என்று மெல்பர்ன்காரர்கள் அதை நிறுத்தி வைத்தார்கள். இந்த வருஷம் பொங்கல் அங்கேதானாம். நானும் விடுவேனா?

ஞாயிறன்று டாக்டர், சிட்னியில் ஹோம்புஷ் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். சமரசப் பேச்சு என்று நினைத்து வடையோடு போனேன். கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்.

"தம்பி, இப்பிடியே போனா எங்கயும் பொங்கல் இல்லை. எனக்கு வேற வழி தெரியேல்லை. உம்மை நீக்கியிருக்கிறன்."

"டாக்டர், உங்களைக் காப்பாளராப் போட்டதே நான்தானே!"

"ஓம். கான்பராவிலயும் அப்பிடித்தானே?"

அடுத்த அறை நாற்காலியில் மெல்பர்ன் கிளையின் சுந்தரம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர்தான் இடைக்காலத் தலைவராம்.

மேலிடத்தில் முறையிடலாம் என்று குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, ஓடினேன். அந்த வீட்டில் யார் ஆட்சி என்று யாருக்குத்தான் தெரியாது? டாக்டரின் மனைவி அன்ரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது அவற்ற அலுவல் தம்பி. நான் தலையிடமாட்டன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

பிரதமரை நீக்கியது பற்றி ராணியிடம் முறையிட்டவர்களுக்கு லண்டனிலிருந்து வந்த பதிலும் ஏறக்குறைய இதுதானாம். தேத்தண்ணி மட்டும் கிடையாது.

அன்று சாயங்காலமே மேல்குழு ஐந்து நிமிடத்தில் ஹால் கடிதத்தை நிறைவேற்றிவிட்டது. மெல்பர்ன் ஹால்தான். நிகழ்ச்சி நிரலில் எங்கள் நாடகம் இல்லை. மீனா கொம்பைக் கழற்றி என் மடியில் வைத்து, "இஸ் இட் கேன்சல்ட், டாடி?" என்றாள். பதவி போனபோது வந்தது வெறும் கோபம், இது வலித்தது.

மானத்தை ஓரமாக வைத்துவிட்டு சுந்தரத்துக்கு டிரங்க் கால் போட்டேன். மனிதர் இரக்கப்பட்டார்.

"குழந்தைங்களுக்குப் பத்து நிமிஷம் தர்றேன் சார். ரயில்ல கூட்டிட்டு வந்துடுங்க."

காளை மெல்பர்னுக்குப் போகிறது. கண் கலங்க நன்றி சொன்னேன். சொன்ன கையோடு, மன்றத்தின் நன்மைக்காக ஒரு யோசனையும் சொன்னேன் - தலைவரைக் காப்பாளர் நீக்கலாம் என்ற அந்தப் பாழாய்ப்போன விதியை இப்போதாவது எடுத்துவிடுங்கள்.

சுந்தரம் சிரித்தார்.

"அது இருந்துட்டுப் போகட்டும் சார். சும்மா, ஒரு அழகுக்குத்தானே?"