அக்குள் மெழுகும் தங்கையின் புருவமும்

அருவருப்பு அவளுக்குப் பிறவிக் குணம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டாள், விழுந்தாலும் விழுவாள். ஈ உட்கார்ந்த சோற்றை அப்படியே கொட்டிவிட்டுப் பட்டினி கிடப்பாள். அப்படிப்பட்டவளுக்குப் போயும் போயும் வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்: நாள் முழுக்க ஊரார் முகத்தில் மயிர் பிடுங்குவது.

அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளை நூலக்கா என்பார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மிச்சத்தை இரண்டு கையிலும் முறுக்கி, கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடிப் புருவத்தைச் சீராக்குவாள். பதினெட்டு வருஷ அனுபவம். ஐந்தே நிமிஷம், இரண்டு புருவமும் எழுதி வைத்தாற்போல் நிற்கும். ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் அவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும். வாயில் நூல் இருப்பதால் மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும். மூக்குக்கு நேர் கீழே வந்தவளின் வாய். ஒருத்தி பச்சை வெங்காயம் தின்றுவிட்டு வருவாள், ஒருத்தி பல்லே விளக்காமல் வருவாள், ஒருத்தி வலி தாங்காமல் ஒவ்வோர் இழுப்புக்கும் ‘ஹா’ என்று முகத்திலேயே ஊதுவாள். மூன்று நாள் மையும் பவுடரும் வியர்வையும் குழைந்து புருவத்தடியில் சேறாகக் கிடக்கும். பிடுங்கிய முடி பறந்து வந்து உதட்டில் ஒட்டும். சீ! ஆள் மாறும்போதெல்லாம் புது நூல் வெட்டுவாள், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாள், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

"ஆபரேஷனா பண்ணப் போற?" என்று மேடம் கேலி செய்வாள்.

மேடம்தான் கடையின் முதலாளியம்மா. அவள் பூசிக்கொள்ளும் சென்ட் தெருமுனை வரை அடிக்கும். கடையின் முன்பக்கம் கண்ணாடியும் வெள்ளை விளக்குமாகப் பளபளவென்று இருக்கும். திரையை விலக்கிப் பின்பக்கம் போனால் கண்றாவி, கால் வைக்க முடியாது.

நூல் அக்காவுடையது என்றால், மெழுகு மேடத்துடையது. கை, கால், அக்குள், மேலுதடு, புருவம், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டி. உருகிய மெழுகை மரக்குச்சியால் தடவி, இறுகியதும் முடியோடு சேர்த்து உரிப்பாள். உரித்ததைக் குப்பையில் போடவேண்டும், அதுதான் முறை. மேடம் தகர டப்பாவில் போடுவாள். சாயங்காலம் அதை அடுப்பில் உருக்கி, பழைய காலுறையில் ஊற்றி வடிகட்டி, மறுநாள் அதையே அடுத்தவள் முகத்தில் பூசுவாள். காலுறைக்குள் முடியும் செத்த தோலும் பிசுபிசுவென்று உருண்டையாகத் தங்கும். அந்த நாற்றத்தைச் சொல்லி மாளாது.

மூன்று மாதமாக மேடத்துக்கு மணிக்கட்டு வலி. "நீதான் பெரிய சுத்தக்காரியாச்சே, நீயே வடிகட்டு" என்று அந்த வேலையை அக்காவின் தலையில் கட்டிவிட்டாள்.

முதல் நாள் அக்கா வாந்தியே எடுத்துவிட்டாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். "மேடம், இது தப்பு. ஒருத்தங்க தோல்ல இருக்கற சீக்கு இன்னொருத்தங்களுக்கு ஒட்டிக்கும்."

"அதான் சூடு பண்றோமில்ல? எல்லாம் செத்துப்போயிரும். இஷ்டமில்லேன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நாற்பதை நெருங்கும் வயதில் நூல்கண்டும் கையுமாக எந்தக் கடை வாசலில் போய் நிற்பது? பூசுகிறவள் மேடம், பாவம் அவளோடு போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, தினமும் வடிகட்டினாள். வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்தாள். என்ன குளித்து என்ன? மறுநாள் அந்த மெழுகு யாரோ ஒருத்தியின் கண்ணுக்கு மேலே இருக்கும்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். தங்கைக்குப் பதினான்கு வயசாக இருந்தபோது அக்கா தொழில் பழகினாள். தன் கெண்டைக்காலில் பிடுங்க முடி தீர்ந்துபோன பிறகு தங்கையின் புருவத்தில் கைவைத்தாள். வலது பக்கம் கொஞ்சம், அதற்குச் சரியாக இடது பக்கம் கொஞ்சம் என்று எடுத்து எடுத்து, கடைசியில் இடது புருவம் பாதிதான் மிஞ்சியது. போன பாதி திரும்ப முளைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரைப்புருவம் என்று பட்டப்பெயர். இனி செத்தாலும் உன் மூஞ்சியில் நூல் வைக்கமாட்டேன் என்று அக்கா அன்றைக்குச் செய்த சத்தியத்தை இன்றுவரை மீறவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் புருவம் எடுக்கிறவளின் வீட்டில் ஒருத்தி பென்சிலால் வரைந்துகொண்டு திரிந்தாள்.

அந்தத் தங்கைக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவள் அழகு நிலையத்துக்குப் போனாள். அக்காதான் தொடமாட்டாளே! "வாம்மா, நீ எனக்கும் தங்கச்சிதான்" என்று மேடமே உட்காரவைத்து மெழுகு பூசி உரித்தாள். இடது பக்கம் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "எப்படி இருக்கு? உன்னை நம்பியிருந்தா நான் கெழவியாயிருவேன்."

அக்கா கிட்டே வந்து இடது புருவத்தை உற்றுப் பார்த்தாள். "யாரு பண்ணது?"

"உங்க மேடம்தான். வேற கடைக்குப் போக பயமா இருக்கும், அது நீ இருக்கற கடையாச்சே."

அப்போதே சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. "மூஞ்சியைக் கழுவு. சோப்புப் போட்டு நல்லாக் கழுவு" என்று மட்டும் சொன்னாள்.

"ஆரம்பிச்சிட்டாடா சாமி" என்று தங்கை சிரித்தாள்.

சனிக்கிழமை இடது புருவம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கண்ணே திறக்கவில்லை. புருவம் நெடுகச் சீழ்க் கொப்புளம், மேலே மஞ்சள் பொருக்கு, இமை வீங்கிப் பளபளத்தது. அக்கா பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தாள். சீழ் அவள் விரலில் வழிந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தன்னை நினைத்துத்தான் குமட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "என்ன பண்ணீங்க இதுக்கு?"

"ஐப்ரோ எடுத்தேன் டாக்டர். வேக்ஸ் போட்டு."

"ஒருத்தருக்குப் போட்ட வேக்ஸை இன்னொருத்தருக்கும் போடற கடையா? சரியாச் சொல்லுங்க. அப்படின்னா வைத்தியமே வேற. இது கண்ணுக்குப் பின்னால இறங்கிருச்சுன்னா பார்வை போயிரும்."

"ஐயோ, அங்க அதெல்லாம் நடக்காது டாக்டர்." தங்கை அக்காவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவ என் அக்கா, அந்தக் கடையிலதான் வேலை பாக்கறா. இவ பண்ற சுத்தம் தாங்காம நானே ஓடிருவேன். அங்க அசிங்கம் இருந்தா இவ ஒரு நாள் நிப்பாளா? ஏதாவது பவுடர் ஒத்துக்கலையோ என்னவோ."

"சரி, அப்ப களிம்பு எழுதறேன். மூணு நாள் போட்டுட்டு வந்து காட்டுங்க."

டாக்டரம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றாள் அக்கா. "அது பழைய மெழுகு. கால்ல, அக்குள்ல உரிச்சதைத் திரும்ப உருக்கிப் பூசறது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வடிகட்டறேன்."

டாக்டரம்மா அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். எழுதின தாளைக் கிழித்துப் போட்டார். "களிம்பெல்லாம் பத்தாது. இப்பவே அட்மிட் பண்ணி ஊசி ஆரம்பிக்கணும். சீழை டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அந்தக் கடை எங்க இருக்கு, அட்ரஸைச் சொல்லுங்க." அக்கா சொன்னாள். தெரு, கதவு எண், மேடத்தின் பெயர், ஒன்றையும் விடவில்லை.

நர்ஸ் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து வைத்தாள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் தங்கை கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"நான் வெள்ளிக்கிழமை வந்து காட்டினேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா பஞ்சை எடுக்கக் கை நீட்டினாள். தங்கை முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாதே. நர்ஸே போடட்டும்."

அக்கா எழுந்து நர்ஸுக்கு இடம் விட்டாள்.