மருந்துக்கடை அக்காவின் ஐந்தாம் கணக்கு

ஏணிமேல் நிற்கிற ஆளைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டுத்தான் மருந்துக்கடை அக்கா கணக்கையே ஆரம்பிப்பாள். வழவழப்பான சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது, ஒருவன் ஏறுகிறான், எவ்வளவு உயரம் போனால் ஏணி வழுக்கும் என்பது கேள்வி. மற்ற மாணவர்கள் நேரே விசைகளைக் குறித்துக்கொண்டு போவார்கள். அக்காவோ முதலில் ஆளில்லாத ஏணியை நிறுத்திப் பார்ப்பாள். அது நின்றால்தான் அவனை ஏறவிடுவாள். "பாவம், அவனை நம்பியும் வீட்ல நாலு பேர் இருப்பாங்கல்ல?" என்பாள். விடை வந்த பிறகும் மனசு கேட்காது. அதில் அரை அடி குறைத்து ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். அந்த அரை அடி அந்த ஆளுக்காக.

பல வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். மருந்தளவில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் நோயாளியே போய்விடுவான் என்ற பயம் கையில் ஊறிப்போனது. ஒவ்வொரு வரிக்கும் அலகு எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். கடைக்கு எதிரே ஸ்கேன் அறை. உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, இரும்போடு வராதீர்கள் என்று பலகை. அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, "அப்படி என்னதான் பண்ணும் அந்தக் காந்தம்?" என்று ஒருநாள் வாயைத் திறந்து கேட்டாள். கேட்டது வினையாயிற்று! பௌதிகப் பட்டம் வாங்கிவந்தால் அந்த அறையிலேயே வேலை தருகிறோம் என்றார்கள். சம்பளமில்லாத விடுப்பில் வந்து, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். பாடம் நடத்துகிறவரே அவளுக்குத் தம்பி மாதிரி இருப்பார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு காலை, அவர் செருப்பை மாட்டும்போது அக்கா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஏங்க, லிஃப்ட் கயிறு அறுந்துச்சுன்னா உள்ள இருக்கிறவனுக்கு எடையே தெரியாதாமே?"

"வேலைக்குக் கிளம்புற நேரத்துல நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?"

"கணக்குல இருக்குங்க."

"கணக்குல இருக்கட்டும். நான் இறங்கப்போறது நிஜக் குழிக்குள்ள."

சிரித்துக்கொண்டுதான் போனார். மத்தியானம் அக்கா ஃபோன் போட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கேட்க வேறு எப்படி?

மின்காந்தவியலில் இரண்டு தடவை தேறவில்லை. இது கடைசித் தடவை. வீட்டுப்பாடக் கணக்குகளில் போதிய மதிப்பெண் இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள், அக்கா பழைய கவுன்டருக்கே திரும்ப வேண்டியதுதான். போன வாரம் கடைசித் தாள் வந்தது. ஆறு கணக்கு. நாலு சரியாக வந்தால் பிழைத்தாள். இரண்டு கணக்கு அவளுக்குச் சுத்தமாக வரவில்லை, வெற்றிடமாகவே விட்டுவிட்டாள். மூன்று நன்றாக வந்தது. மிச்சம் ஐந்தாவது.

கேள்வி சின்னது. காந்தப்புலம் தாளுக்குள் போகிறது. நேர்மின் துகள் ஒன்று இடமிருந்து வலமாக நுழைகிறது. அது மேலே வளையுமா, கீழே வளையுமா, மேலும் கீழும் இருக்கிற தகடுகளில் எதில் போய் முட்டும்? இதற்கு வலக்கை விதி என்று ஒன்று உண்டு. துகள் போகும் திசையில் விரல்களை நீட்டி, புலம் போகும் பக்கம் மடக்கினால், கட்டைவிரல் காட்டுகிற பக்கம் துகள் வளையும். அக்கா இடக்கைக்காரி. இடக்கையில் பேனா, வலக்கை சும்மா. மடக்கிப் பார்த்தாள். மேலே. மறுபடி மடக்கினாள். மேலேதான்.

தாளைப் போடும் நாள் காலை, துறை வாசலில் ஒரே கூட்டம். பன்னிரண்டு மணிக்குள் அங்கிருக்கிற பூட்டிய பெட்டியில் தாளைப் போட்டாக வேண்டும். முதல் பெஞ்சுப் பெண் தன் விடைகளைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். நல்ல பெண், மறைக்கத் தெரியாதவள். அக்கா எட்டிப் பார்த்தாள். ஐந்தாவது: கீழே. பக்கத்துப் பையன் தாளில் கீழே. அவனுக்குப் பின்னால் நின்றவன் தாளிலும் கீழே.

போச்சு! இத்தனை பேரும் தப்பாகப் போடுவார்களா? இரண்டு தடவை கோட்டை விட்டவள் யார்? ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்! சுவரில் தாளை வைத்து 'மேலே' என்பதை அழித்தாள், 'கீழே' என்று எழுதினாள், தகட்டையும் மாற்றினாள். பெட்டியில் போட்டுவிட்டு அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போது தாமதமாக வந்த ஒருத்தி, "ஏய், அஞ்சாவது எப்படிடி?" என்று கேட்டாள். முதல் பெஞ்சுப் பெண் விளக்கினாள். வலக்கையில் பேனா இருந்தது. அதனால் சும்மா இருந்த இடக்கையை நீட்டி மடக்கினாள். கட்டைவிரல் தரையைப் பார்த்தது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனாள்.

"கண்ணு, பேனாவைக் கீழ வச்சிட்டு அந்தக் கையால போடு."

போட்டாள். கட்டைவிரல் கூரையைப் பார்த்தது.

"ஐயையோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் பெண். பிறகு சிரித்தாள். "என் தாளையும் உள்ள போட்டாச்சு. போனாப் போகுதுக்கா, ஒரு கணக்குதானே?"

அவளுக்கு ஒரு கணக்கு. அக்காவுக்கு அது பட்டம், அந்தக் காந்தம், சம்பளமில்லாமல் போன அத்தனை மாதம், எல்லாமே. தெரிந்த விடையை ஊருக்குப் பயந்து தன் கையாலேயே அழித்தாளே, அந்த எரிச்சல் வேறு. சாலையில் வண்டி வராவிட்டாலும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிறவள், யாரையும் கேட்கவில்லை. நேரே போய்ப் பெட்டியின் வாயில் கையை விட்டாள். மணிக்கட்டு உள்ளே போயிற்று. முழங்கை இறுகியது.

கதவு திறந்தது. பெட்டிச் சாவியோடு ஆசிரியர்.

"என்னம்மா பண்றீங்க?"

"என் தாளை எடுக்கிறேன் சார். ஒரு தப்பு இருக்கு."

"போட்டது போட்டதுதான். கையை எடுங்க."

"மணி இன்னும் பன்னெண்டு ஆகலையே சார்." கண்ணில் நீர் முட்டியது.

"கையை எடுங்கன்னேன்."

அக்கா குதிகாலை உயர்த்தி, கன்னத்தைப் பெட்டிமேல் அழுத்திக்கொண்டு, கையைத் தோள்வரை உள்ளே விட்டாள்.