அழித்தது ஓர் இடத்தில், காணாமல் போனது இரண்டு இடத்தில்

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அவருடைய சான்றிதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஆன்லைன் சேமிப்பகத்தில் போட்டிருக்கிறோம்; அவர் தன் போனில் அதைத் திறந்து பார்த்துக்கொள்வார். அதைத் திருச்சி பாலக்கரையில் உள்ள எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு டிரைவாக இணைத்தது நான்தான்.

ரமலானுக்கு முன்பு வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவினேன். கையோடு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஆன்லைனில்தான் ஒன்று இருக்கிறதே, இங்கே எதற்கு இன்னொன்று என்று அந்த டிரைவில் இருந்த ஃபோல்டரை அழித்தேன்.

மதியம் அவர் போன் செய்தார். புது வேலைக்காக ஓர் ஆபீஸில் காத்திருந்தார்.

"நசீமா, போன்ல ஒரு சர்டிபிகேட்டையும் காணோம். நீ ஏதாவது தொட்டியா?"

"நான்தாங்க அழிச்சுட்டேன். அங்கேயே இருங்க, நானே எடுத்துத் தர்றேன்" என்றேன்.

கம்ப்யூட்டரில் எங்கும் இல்லை. சேமிப்பகத்தின் இணையதளத்துக்குள் போய் ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தேன். அங்கே தனியாக ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. எல்லாம் அதற்குள் அப்படியே கிடந்தன. ஒன்று விடாமல் மீட்டெடுத்தேன்.

"வந்துருச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், "இனிமே அதைத் தொடாதே" என்றார்.

தொடாமல் இருப்பேனா? இப்போது மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கேபிளைக் கழற்றிப் பீரோவில் வைக்கிறேன். இணைத்த டிரைவில் அழித்தால் ஆன்லைனிலும் அழியும் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவருக்கு அது இன்னும் புரியவில்லை. அதனால் அவர் ஊருக்கு வரும்போது கம்ப்யூட்டரைத் தொட நான் விடுவதில்லை.