வயலின்: ஒரு தோழி

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு அண்ணன் குடிவந்தார். கோவில்பட்டிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் தனி ஆளுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. சத்தம் போடாத பையன் போலத் தெரிகிறான் என்று அம்மாதான் சாவியைக் கொடுத்தாள். மறுநாள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு ரெக்கார்ட் பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நான்கு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இறங்கின. அம்மா வாசலில் நின்று ஸ்பீக்கர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவார். நான் முதலில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன், பிறகு வாசற்படியில், பிறகு உள்ளேயே. அவர் போட்டதெல்லாம் சினிமாப் பாட்டு இல்லை. எழுபதுகளில் பெங்களூரிலும் மதராசிலும் கல்கத்தாவிலும் தலைமுடி வளர்த்த பையன்கள் கூடி, கிடாரையும் ஆர்கனையும் மிருதங்கத்தையும் ஒன்றாகப் போட்டு வாசித்த இசை. ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். பாடுகிறவர் வாய் திறப்பதற்குள் அம்மா கீழே ஒரு உலை வைத்து இறக்கிவிடுவாள். தாளம் நடுவழியில் நாலிலிருந்து ஏழுக்கு மாறும். அப்பா ஒருநாள் அண்ணாந்து பார்த்து, மேலே மிஷின் ஏதாவது ரிப்பேரா என்று கேட்டார்.

"இந்த குரூப்பையெல்லாம் யாரும் தேடல பாப்பா. வாசிச்சவங்களே மறந்திருப்பாங்க" என்பார் அண்ணன். அதற்காகத்தான் அவர் பழைய பேப்பர் கடைகளில் முட்டி போட்டு உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் ஆபீசுக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தார். எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையிலேயே ஒன்று கிடைத்துவிட்டது. அட்டையில் மழை. ஒரே குடைக்குள் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நாலு பையன்களின் முகம் தெரிகிறது. ஐந்தாவது ஆளின் முகத்தைக் குடை மறைத்துவிட்டது, பாவாடையும் செருப்பும் மட்டும்தான் தெரிகின்றன. மேலே 'மான்சூன் கமிட்டி' என்று ஆங்கிலத்தில் கோணலாக எழுதியிருந்தது. பெங்களூர் குரூப். பின்புறத்தில் கிடார், ஆர்கன், டிரம்ஸ், மிருதங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். கடைசி வரியில் மட்டும், வயலின்: ஒரு தோழி.

"பேரே போடல பாரு. இவங்க யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றார்.

அந்தத் தட்டில் ஒரு கோளாறு இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து வயலின் மட்டும் தனியாக எழும்புகிற இடத்தில் ஊசி ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த பகுதிக்குப் போய்விடும். அண்ணன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அந்த ஒரு இடம் மட்டும் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ அந்த இடத்தையே ஊசி வைத்து வைத்துக் கேட்டிருக்கிறார், அதனால்தான் அங்கே மட்டும் தேய்ந்துவிட்டது என்றார்.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஷிப்டு வேலை, கைக்கடிகாரம், கஞ்சி போட்ட காட்டன் புடவை. வீட்டிலும் நம்பர் கேட்கிற மாதிரிதான் பேசுவாள், சுருக்கமாக. மாடிப் பாட்டைப் பற்றி எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். அத்தை மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு நான் அத்தையோடு கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே அந்தத் தட்டு ஓடியது. ஊசி துள்ளியது. அத்தை துள்ளவில்லை. விட்டுப்போன இடத்தை மூக்குக்குள்ளேயே முனகி முடித்தாள். அவள் முடிப்பதற்குள் மேலே பாட்டு எங்கேயோ போய்விட்டிருந்தது. இடது கை விரல்கள் அவரைக்காய்மேல் ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்தன.

"அத்தை, இது உனக்குத் தெரியுமா?"

"கான்வென்ட்ல சிஸ்டர் சொல்லிக் குடுத்தது. நாரை ஒழுங்கா எடு."

பள்ளிக்கூடப் பாட்டு போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடம் வரும் நேரம் பார்த்து அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். மழைக்காலம் முடிவதற்குள் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட தட்டுகளைச் சேர்க்கிறவர்கள் வெளிநாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, நாலு பேரில் கிடார் வாசித்தவர் ஆஸ்திரேலியாவில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். டிசம்பரில் ஒருநாள் கீழே இறங்கி வந்து எங்கள் எல்லோரிடமும் சொன்னார். "கிறிஸ்துமஸுக்கு பெங்களூர் வர்றாராம். அவர்கிட்டயே இந்த ரெக்கார்டு இல்லியாம். ஞாயித்துக்கிழமை இங்க வந்து கேக்கறேன்னு எழுதியிருக்காரு."

அம்மா, வருகிறவருக்கு நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள். அத்தை எழுந்து உள்ளே போனாள். மறுநாள் வந்து, தன் ஞாயிற்றுக்கிழமை டூட்டியை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிறு அப்பாவுக்கு பாக்டரியில் ஓவர்டைம். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு விவேக் நகரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தை காலையிலேயே தலைக்குக் குளித்து, தீபாவளிக்கு எடுத்த கடுகு நிறப் புடவையைக் கட்டியிருந்தாள். நரை தெரிகிறதா என்று என்னைக் கேட்டாள். தெரிகிறது என்றேன். அந்த வயதில் நான் உண்மை பேசுகிறவளாக இருந்தேன்.

பத்தரை மணிக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வந்தவரின் சட்டை கேட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது, அவர் ஏதோ சொல்லித் தானே சிரித்தார். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாராவது கேட்டா அத்தை டூட்டிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு."

"ஏன்?"

"சொல்லுன்னா சொல்லு."

அவரைப் பார்க்க அவள் தயாராகத்தான் இருந்தாள். அவர் தன்னைப் பார்ப்பதற்குத்தான் தயாராக இல்லை. இது இப்போது எனக்குத் தோன்றுவது. அப்போது எனக்குக் கிடைத்தது ஒரு ரகசியம், அவ்வளவுதான். அதைக் காப்பாற்றியே தீர்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

அத்தையே டீ போட்டு, தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். மேலே அந்த மனிதர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில், ஸ்பீக்கருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்தலை வழுக்கை. பின்னால் மட்டும் முடி வளர்த்திருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் இங்கிலீஷில்தான் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ எங்கள் தெருப் பையன்களைப் போலவே தமிழ் பேசினார்.

அண்ணன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். "சார், அந்த வயலின் யாரு?"

"பேரு சொல்லமாட்டேன்பா. வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க, பேரு போடாதேன்னா. போடல. அடுத்த ரெக்கார்டுல பெருசா போட்டுடலாம்னேன்." டீ கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு, "அடுத்த ரெக்கார்டே வரலியே" என்றார். "அடுகோடில இருந்தாங்க. நேத்து போய்ப் பாத்தேன். அந்த வீடு இருந்த எடத்துல லேத் பட்டறை இருக்கு. கேட்டா யாருக்கும் தெரியல."

எங்கள் குடும்பம் முன்பு அடுகோடியில்தான் குடியிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு. அதைச் சொன்னால் ரகசியம் கெட்டுவிடும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

தட்டு ஓடியது. முதல் பக்கம் முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வந்தது, ஊசி துள்ளியது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அய்யோ, அங்கதாம்பா அவ வாசிப்பா. அந்த பிட்டு அவளே போட்டது."

அண்ணன் தட்டை நிறுத்தினார். அவர் அந்த இடத்தைப் பாடிப் பார்த்தார். இரண்டு அடி வந்தது, பிறகு வேறெங்கோ இழுத்துப் போயிற்று. மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே, "மறந்துட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுப்பாடம் மறந்த பையனைப் போல அவர் முகம் ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் பாடிக் காட்டினேன்.

பாடி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை பாடு கண்ணு."

பாடினேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

மூன்றாவது தடவை அவர் என் கூடவே மெதுவாகப் பாடினார். பிறகு கேட்டார். "யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. அத்தை டூட்டிக்குப் போயிருக்காங்க."

அத்தையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் கையிலிருந்த டீ கிளாசைப் பார்த்தார்.

"இந்த டீ யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்பிடியா" என்றார். ஆறிப்போன டீயை மண்டி வரைக்கும் குடித்துவிட்டு கிளாசை என்னிடம் கொடுத்தார். அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவர் வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார்.

கீழே இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, ஆனால் எனக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசினார்.

"அத்தை டூட்டி முடிஞ்சு வந்தா சொல்லு கண்ணு. இந்த ரெக்கார்டை வெளிநாட்டுல திரும்பப் போடறாங்க. இந்த தடவையாவது பேரு போடலாமான்னு கேட்டேன்னு சொல்லு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஊர்லதான் இருப்பேன். மேல் வீட்டுத் தம்பிகிட்ட நம்பர் இருக்கு."

கொஞ்ச நேரம் நின்றார். அடுக்களையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேட்டைத் திறந்து, ஃபுட்பால் கிரவுண்டு பக்கம் நடந்து போனார்.

அப்பா பல வருடம் கழித்து மீதியைச் சொன்னார். அந்த இசைத்தட்டு அத்தையுடையதுதானாம். பரண் சுத்தம் செய்தபோது தெரியாமல் அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள். அத்தையும் அந்த கிடார்காரரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. தாத்தா திடீரென்று போய்விட்டார். அப்பாவும் சித்தப்பாக்களும் படித்துக்கொண்டிருந்தார்கள், அத்தைக்கு எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. அவர் குடும்பத்தோடு கப்பலேறும்போது கூட வா என்றார். அவள் இங்கேயே இரு என்றாள். யார்மேலும் தப்பில்லை என்று அப்பா இரண்டு முறை சொன்னார். மேல் வீட்டு அண்ணன் அமெரிக்கா போன பிறகு வெளிநாட்டில் திரும்பப் போட்ட அந்த ரெக்கார்டின் சிடியை எனக்கு அனுப்பினார். அதில் அந்த இடம் முழுசாக இருக்கிறது. பின்னட்டையில் பேர் இல்லை. அத்தை செவ்வாய்க்கிழமை வரை போன் செய்யவில்லை. ஊருக்கெல்லாம் நம்பர் போட்டுக் கொடுக்கிறவள்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. கேட் மூடியதும் வெற்றியோடு அடுக்களைக்கு ஓடினேன். அத்தை மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லல அத்தை. பாட்டு மட்டுந்தான் பாடினேன்."

"கேட்டுச்சு" என்றாள். "மூணு தடவையா?"

"ஆமா. அவருக்கு மறந்துபோச்சு."

"எப்படிப் பாடுன, பாடு பாக்கலாம்."

பாடினேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டாள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். "இங்க இப்படி விடக்கூடாது. ஒரு இழுப்பு இருக்கு." பாடிக் காட்டினாள். முதல் தடவையாக வாயைத் திறந்து, முழுக் குரலில். எக்ஸ்சேஞ்ச் குரல் இல்லை அது. "இப்படியேதான் அவருக்கும் பாடினியா? இழுக்காம?"

தலையாட்டினேன். அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கடுகு நிறப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்கு பயமாகிவிட்டது. ஓடிப்போய்ச் சரியாகப் பாடிவிட்டு வருகிறேன், பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பார் என்று செருப்பைத் தேடினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தால் விடுபட்டிருக்கும், அவ்வளவு லேசாகத்தான் பிடித்திருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் இழுக்கவில்லை. இரண்டு பஸ் போகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் முழுக்க பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த இழுப்பைப் பாடிப் பாடிப் பழகினேன். அடுத்த தடவை அவர் வந்தால் சரியாகப் பாடிக் காட்டிவிடலாம், அத்தையும் அழமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.