கிரைண்டரில் அரைத்த நனோ மருந்து

போன குளிர்காலத்தில், ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் புருசெத்தில் நடந்தது இது. எனக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், நான் தேநீர் கொண்டுவந்தால் பாதி விருந்தாளிக்கு, பாதி தரைக்கு. மாத்திரை போட்டால் ஒருவாறு நடமாடுவேன்.

அந்த முறை மருந்துக்கடையில் பழைய பெட்டிக்குப் பதிலாக வேறு பெயரில் ஒன்றைத் தந்தார்கள். உள்ளே அதே மருந்துதானாம். எனக்கு உடனே சந்தேகம். அடுத்த கிழமையே கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஒருநாள் புருசெத்தில் ரயில் கதவு திறந்தது, இறங்கக் கால் எழும்பவில்லை. கதவு மூடிக்கொண்டு, என்னைக் கடைசித் தரிப்பிடம்வரை கொண்டுபோய்விட்டது. இனிச் சக்கர நாற்காலிதானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தைக் கோபமாக்கிக்கொண்டு, மனைவியுடன் மருந்துக்கடைக்குப் போனேன்.

அங்கே நின்றவள் இங்கேயே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. இவளையும் மருந்துக் கம்பனிக்காரர் வளைத்துப் போட்டுவிட்டார்களே என்று அதிலும் ஒரு சந்தேகம்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். இதுக்குள்ளை மாவைத்தானே அடைச்சு வைச்சிருக்கிறியள்?"

அவள் சிரிக்கவில்லை. "வேற ஏதும் எடுக்கிறியளோ அங்கிள்?"

"ஒண்டுமில்லை."

"இஞ்சாருங்கோ, அந்தக் கரியையும் சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

சொல்லவேண்டியதாயிற்று. காபன் நனோ துணிக்கைகள் மூளை நோய்க்கு மருந்தாகலாம் என்று, புதுப் பெட்டி வாங்கிய அதே கிழமை கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. ஒட்சியேற்றம் என்று, இரும்பில் துருப் பிடிப்பதுபோல மூளையிலும் ஒன்று நடக்குமாம். அதை அவை தடுக்கக்கூடுமாம். காபன் என்றால் கரிதானே! இயற்கை உணவுக் கடையில் கரித்தூள் வாங்கினேன். நனோ என்றால் மிகமிகச் சிறியது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே வீட்டுக் கிரைண்டரில் இன்னும் இரண்டு சுற்று விட்டு, தினமும் மாத்திரையோடு சேர்த்துக் குடித்தேன்.

"ஐயோ அங்கிள்! அது லாப்பிலை செய்யிற சாமான். இன்னும் எலியளிலைதான் பாக்கினம். நீங்கள் குடிச்சது நஞ்சு குடிச்ச ஆக்களுக்குக் குடுக்கிற கரி. வயித்துக்குள்ளை கிடக்கிறதைப் பிடிச்சு வைச்சிருக்கும். நஞ்சோ மருந்தோ எண்டு பாக்காது."

அதாவது, மருந்தை உள்ளே அனுப்பி, அதைப் பிடிக்கப் பின்னாலேயே பொலிஸையும் அனுப்பியிருக்கிறேன்.

மனைவியின் கவலை வேறு. "கிரைண்டரிலை அரைச்ச சம்பல் ஏன் கறுத்தது எண்டு இப்பதான் விளங்குது."

அந்தப் பிள்ளை சொன்னபடி மருத்துவரிடமும் உண்மையைச் சொன்னேன். கரியை விட்டேன். சில நாட்களில், அதே புதுப் பெட்டி மாத்திரையிலேயே, கால்கள் வேலைக்குத் திரும்பின.

எலிகளைத் தாண்டி அந்த ஆராய்ச்சி ஒருநாள் எங்களிடமும் வரட்டும், முதல் ஆளாகக் கை நீட்டுவேன். அதுவரை, உலகத்தில் எல்லாரையும் சந்தேகிக்கும் எனக்கு, என் மூளையை மட்டும் எப்படி இவ்வளவு நம்பத் தோன்றியது என்பதுதான் இன்னும் தீராத சந்தேகம்.