அக்காவின் நீலப் பூக்கள்

ஆறு கறுப்புக் குப்பைப் பைகள். அவற்றை இறுக்கிக் கட்டிவிட்டு நான் பெருமையோடு நின்ற அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிளாக்டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அக்கா, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம் முழுவதும் என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவந்தவர் அவர்தான். வசந்தம் தொடங்கும்போது முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் அவருடைய வீட்டு முன்பக்கத்தைத் துப்புரவாக்கிவிட வேண்டுமென்று எனக்கு ஒரே துடிப்பு. ஊரில், முற்றம் என்றால் மண் தெரியக் கூட்டிக் கிடக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். நீட்டு நீட்டாக மண்டிக் கிடந்த புல்லையெல்லாம் வேரோடு பிடுங்கி அந்தப் பைகளில் அடைத்தேன்.

அக்கா ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கி, வெறும் மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாக் கஷ்டப்பட்டிருக்கிறாய். வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் என் கத்தரிகள் பூத்துக் கொட்டின. காய் மட்டும் ஒன்றோ இரண்டோ. வேலிக்கு மேலால் அக்காவிடம் புலம்பினேன்.

"எடியே, நீ பிடுங்கினது புல் இல்லை" என்று மெல்லச் சொன்னார். "நீலப் பூப் பூக்கிற இந்த நாட்டுச் செடி. நீல வரி போட்ட தேனீ ஒண்டு இருக்கு, அதுக்காகத்தான் வைச்சனான். கத்தரிப் பூவை உதறி மகரந்தம் கொட்டுறதும் அதுதான்."

ஐயோ, எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

கோடை வெயில் தணிந்ததும் அதே செடிகளை நர்சரியில் தேடி வாங்கினேன். அக்காவால் குந்த முடியாது. முன்பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து இடம் காட்டினார், நான் நட்டேன். அடுத்த கோடையில் ஒரு காலை, "ஓடிவா, ஓடிவா!" என்று கூப்பிட்டார். பூவில் தொங்கிக்கொண்டு ஒரு நீலவரித் தேனீ! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று என் வீட்டு முன்பக்கமும் அதே செடிதான். வருகிறவர்கள் புல் வெட்டவில்லையா என்று கேட்கிறார்கள், கேட்கட்டும். அக்காவை நான் நன்றியோடு நினைப்பது, அந்தத் தேனீயைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்ன பதிலுக்காகத்தான்.

"ஏனக்கா, அண்டைக்கே என்னை ஏசேல்லை?" என்று கேட்டிருந்தேன்.

"செடியைத் திரும்ப நடலாம்" என்றார். "ஏசியிருந்தா நீ பிறகு இந்தப் பக்கம் வந்திருப்பியே? எனக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்?"