புகைவீட்டில் சார்ஜ் போட்ட கதை

1. இடம் பார்த்த நாள்

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மின்சார வேன்களுக்குச் சார்ஜ் போடும் இடத்தை முதன்முதலில் பார்த்தபோது, வழி தவறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். சார்ஜ்மேனாக, அதாவது லைசென்ஸ் பெற்ற மின்பணியாளனாக, ஆயுசு முழுக்க சுவிட்ச்ரூம்களில் கழித்தவன் நான். முட்டாள்தனம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது தனி ரகம்.

அது ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்திய பழைய கட்டடம். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த பிறகும் அதற்குப் புகைவீடு என்றுதான் பெயர். சூடு வெளியேறக் கூடாது என்பதற்காகவே தடித்த சுவர் வைத்து, சன்னல் இல்லாமல் கட்டியது. சூடேறக் கூடாத சாமான்களை எல்லாம் கொண்டுபோய் அதற்குள் வைத்திருந்தார்கள். வௌவால் வருகிறதென்று கூரையின் புகைத்துவாரங்களையும் ஜிங்க் தகடு அடித்து ஏறக்குறைய மூடியாகிவிட்டது.

"கட்டடம் சும்மாதான கெடக்குது, மிஸ்டர் சேகர். புது ஷெட் கேட்டா ஹெட் ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க லா," என்றார் மேனேஜர்.

"பாஸ், இது சூட்ட அடைச்சு வைக்கிற கட்டடம். சார்ஜருக்குக் காத்து வேணும்."

"அதுக்குத்தான் ஃபேன் வச்சிருக்கோமே."

வைத்திருந்தார்கள். ஒரு மேசை விசிறி. அதுவும் மேனேஜர் நின்ற பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

வேறு இடம் பார்க்கும்வரை குறைந்த வேகத்தில் சார்ஜ் போடுங்கள், அளவு மீறிச் சூடேறினால் சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும் சென்சர் சார்ஜரை நிறுத்திவிடும், அதன்மேல் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

2. பரிமளாவின் தூக்கம்

வேன் ஓட்டுபவர்களில் பரிமளா ஒருத்தி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் செம்பனைக் காட்டில் இறக்குவாள். மத்தியானம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருவாள். இடையில் வேன் சார்ஜ் ஏறும்போது, ஏர்கானைப் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே தூங்குவாள். ஓய்வறை என்று ஒன்று எஸ்டேட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

செம்புக் கம்பி திருடர்களுக்குப் பயந்து, புகைவீட்டின் கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. ஆள் உள்ளே இருந்தாலும் காவலுக்கு இருக்கும் ஜாகா முனியாண்டி வெளியே பூட்டிவிடுவார். வெளியே வர பரிமளா அவருக்குப் போன் போட வேண்டும். அந்தச் சுவருக்குள் லைன் கிடைத்தால்தான் அதுவும்.

சொன்னபடியே சூடேறும்போதெல்லாம் சார்ஜர் நின்றது. மத்தியான ஓட்டத்துக்குள் வேனில் சார்ஜ் நிறையவில்லை. மேனேஜர் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியும். வேறொரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு அந்த சென்சரைச் செயலிழக்கச் செய்தார். சார்ஜர் அதன் பிறகு நிற்கவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று ஆபீசில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாராம்.

3. புகை

விஷயம் காதில் விழுந்ததும் சண்டை போடுவதற்காகவே போனேன். கேட்டிலிருந்து பார்த்தபோதே புகைவீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. தொழிலாளர் லயத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஓடவில்லை. வேறு எந்தக் கட்டடத்தில் புகை வந்திருந்தாலும் ஊரே வாளியைத் தூக்கியிருக்கும்.

"மறுபடி ஷீட்டு புகை போடுறாங்கன்னு நெனச்சேன்," என்றார் முனியாண்டி, சாவகாசமாக.

ரப்பர் மரமே இல்லாத எஸ்டேட்டில்.

வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். "சாவி எடுங்க. உள்ள யாரு?"

"பரிமளாதான். தூங்குது." சாவியைக் கையில் எடுத்தவர் தயங்கினார். "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். வயதில் மூத்தவர் என்று பார்க்கவில்லை. இன்றைக்கும் வருத்தமில்லை.

கதவைத் திறந்ததும் ரப்பர் கருகும் நெடி மூச்சை அடைத்தது. சார்ஜர் பெட்டி உருகி, ஆணியில் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்த கேபிள் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு இன்னும் வேனுக்குப் போகவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். எழவில்லை. பயந்துவிட்டேன். மறுபடி ஓங்கித் தட்டியதும் எழுந்து வேன் கதவைத் திறந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கொஞ்ச நேரத்தில் வேன் பற்றிக்கொண்டது. தீயணைப்பு லாரி வந்தபோது வெறும் சட்டம்தான் மிச்சம்.

மேனேஜர் வந்தார். பரிமளா புல்லில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"நசீப் பாய்க் லா, நல்ல காலம். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகல. பூட்டி வச்சது நம்ம கேபிளுக்காகத்தான், வேற எதுக்கும் இல்ல."

பரிமளா தலை நிமிர்ந்தாள். குரல் கம்மியிருந்தது.

"கேபிள் போனா வேற வாங்கிக்கலாம் பாஸ். நான் போயிருந்தா எம்புள்ளைங்களுக்கு என்ன வாங்கிக் குடுத்திருப்பீங்க?"

அவர் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். சார்ஜ் போடும் இடத்தைப் பார்க்கப் போனால் சார்ஜரைப் பிறகு பாருங்கள். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, கதவை உள்ளேயிருந்து திறக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் உள்ளே யாராவது தூங்குவார்களா என்று கேளுங்கள். இல்லை என்பார் மேனேஜர். அவரை விட்டுவிட்டு டிரைவரிடம் போய்க் கேளுங்கள்.